முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய்க்கு எப்படி நன்றி சொல்வது?

உங்கள் வீட்டில் ஆறு வயது நாய் ஒன்றும் பூனை ஒன்றும் இருக்கின்றன. நன்றி சொல்லும் பழக்கம் செல்லப்பிராணியோடு உள்ள பிணைப்பை ஆழமாக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, மூன்று வாரமாகத் தினமும் இரவு நாயைக் கட்டிப்பிடித்து, "இன்றைக்கு என்னோடு இருந்ததற்கு நன்றி" என்று சொல்கிறீர்கள். ஒரு நோட்டிலும் எழுதி வருகிறீர்கள். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, பூனையோ எழுந்தே போய்விடுகிறது. இதனால் பயன் உண்டா, அவற்றுக்குப் புரியுமா என்பது கேள்வி. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நீங்கள் கேட்க வந்தது இன்னொன்று என்று தோன்றுகிறது: என் மனதில் இவ்வளவு இருக்கிறதே, அது ஏன் அதனிடம் போய்ச் சேரவில்லை?

நான் கால்நடை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய், பூனைகளைத்தான் அதிகம் பார்த்து வருகிறேன். நடத்தையியல் எனக்குப் பட்டப்படிப்பு இல்லை. தொழிலுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டது. உளவியல் இன்னும் தூரம். அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்: நன்றியுணர்வு பயன் தரும், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் இல்லை. சொல்லாக அது நாயைச் சென்று சேர்வதில்லை. அது முதலில் உங்களை மாற்றுகிறது. உங்கள் கையும் குரலும் நேரமும் அதனால் மாறினால், அந்த மாற்றத்தை நாய் படித்துக்கொள்கிறது. நடுவில் உள்ள அந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகக் கட்டிப்பிடிப்பதில்தான் சிக்கல்.

நம் மொழியில் நாய்க்கு 'நன்றியுள்ள பிராணி' என்று பட்டமே கொடுத்து வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடக் கட்டுரையில் நாயைப் பற்றி எழுதினால் இரண்டாவது வரி அதுவாகத்தான் இருக்கும். பூனைக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. நன்றி என்பது பிராணி நமக்குச் செலுத்த வேண்டிய கடன் என்ற கணக்கில்தான் இதுவரை பேசி வந்திருக்கிறோம். நீங்கள் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். அதற்காகவே இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பழைய தமிழில் நன்றி என்றால் வாயால் சொல்லும் சொல் கிடையாது. செய்த நன்மையே நன்றி. அதை உணர்ந்திருப்பதற்குப் பெயர் நன்றி அறிதல். அந்த 'அறிதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில், நன்றி எழுதும் பழக்கத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைக்கு எல்லோரும் பேசும் நன்றிக் குறிப்பேட்டுக்கு மூலம். மாணவர்களில் ஒரு பிரிவினர் பத்து வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை, நன்றியாக உணரும் ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். மூன்றாவது பிரிவினர் சும்மா நடந்ததை எழுதினார்கள். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பலன் உண்மைதான், ஆனால் பெரிதில்லை என்கிறார்கள். 2010-இல் சாரா ஆல்கோவும் சக ஆய்வாளர்களும் காதல் ஜோடிகளைத் தினமும் குறிப்பெழுதச் செய்தார்கள். ஒருவர் மற்றவரிடம் நன்றியுணர்வு கொண்ட நாளுக்கு மறுநாள், இருவருமே உறவில் கூடுதல் நிறைவை உணர்ந்திருந்தார்கள். உங்கள் விஷயத்துக்கு நெருக்கமாகத் தோன்றுவது இதுதான். ஆனால் அங்கே இரண்டு பக்கமும் மனிதர்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் வாயால் சொல்ல முடியும், கேட்பவருக்கு அர்த்தம் விளங்கும். அந்த முடிவை அப்படியே தூக்கி நாயின் மேல் வைப்பவர்களை நான் நம்புவதில்லை.

நாய்க்கு நன்றி என்றால் புரியுமா என்பதற்கு வருகிறேன். எரிகா ஃபொயர்பாகர், கிளைவ் வின் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு நாய் வளர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். தடவிக் கொடுப்பவர் ஒருவர், வாயால் மட்டும் பாராட்டுபவர் ஒருவர் என்று இருந்தால் நாய்கள் தடவுபவரிடமே போய் நின்றன. வெறும் பாராட்டுக்கு, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதைவிட அதிக மதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. தடவல் மட்டும் அவற்றுக்குச் சலிக்கவே இல்லை. அப்படியானால் பேச்சு முழுக்க வீணா? அதுவும் இல்லை. அடுத்த ஆண்டு ஹங்கேரியில் ஆட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் 13 நாய்களை மூளை ஸ்கேன் எந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பழகிய பாராட்டுச் சொற்களைப் பாராட்டும் குரலிலும் உணர்ச்சியற்ற குரலிலும் கேட்க வைத்தார்கள். பழகிய சொல்லும் கனிந்த குரலும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புள்ள பகுதி நன்றாகத் தூண்டப்பட்டது. சொல்லுக்கு மதிப்பு அதன் பழைய சகவாசத்திலிருந்து வருகிறது. 'சபாஷ்' என்ற சொல்லோடு ஆயிரம் முறை தடவலோ தின்பண்டமோ வந்திருந்தால் அந்தச் சொல் நாய்க்கு இனிக்கும். உங்கள் 'நன்றி'யோடு இதுவரை வந்தது இறுக்கமான ஒரு கட்டிப்பிடிப்பு. நாயின் அகராதியில் இப்போதைக்கு 'நன்றி' என்றால் 'பிடிபடப் போகிறோம்' என்று பொருள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

கட்டிப்பிடிப்பது மனிதக் குரங்கினத்தின் அன்பு மொழி. நாயின் உடல்மொழியில் கழுத்தைச் சுற்றி ஒரு கை விழுவதும், மேலே இருந்து ஒரு முகம் நெருங்குவதும் அழுத்தம் தரும் விஷயங்கள். பழகிய நாய்கள் சில அதைப் பொறுத்துக்கொள்ளும், அபூர்வமாகச் சில ரசிக்கவும் செய்யும். முகத்தைத் திருப்புவது, உதட்டை ஒருமுறை நக்கிக்கொள்வது, தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி, கண் ஓரத்தில் வெள்ளை தெரிவது, காது பின்னால் மடங்குவது, விட்டவுடன் நனைந்த மாதிரி உடம்பை உதறுவது: இவை ஒவ்வொன்றும் 'கொஞ்சம் விடு' என்பதன் மரியாதையான வடிவங்கள். உங்கள் நாய் மூன்று வாரமாக மரியாதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. குழந்தையைக் கடித்த நாய்களின் சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடித்துவிட்டது." விசாரித்தால் எச்சரிக்கை நிறையவே இருந்திருக்கும், உறுமலுக்கு முந்தைய மொழியில்.

மாற்றிச் செய்து பார்க்க ஒரு வழி. தரையில் உட்காருங்கள், நாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். அதைக் கூப்பிட வேண்டாம். அதுவாக வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாருங்கள். மூக்கால் கையை முட்டுகிறதா, உடம்பைச் சாய்க்கிறதா, காலைத் தூக்கி உங்கள் மேல் வைக்கிறதா? அப்படியானால் தொடரலாம். அசையாமல் நிற்கிறது, வேறு பக்கம் பார்க்கிறது, எழுந்து போகிறது என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். நாங்கள் இதைச் சம்மதம் கேட்டல் என்று சொல்வோம். முதல் நாலைந்து நாள் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். 'வேண்டாம்' என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு நாய்கள் அதிகம் 'வேண்டும்' என்று சொல்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இது என் அனுபவத்தில் கண்டது, ஆய்வுக்கூடக் கணக்கு கிடையாது.

பூனை விஷயத்தில் இதே எண்ணத்துக்கு ஆய்வே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் டென்னிஸ் டர்னர் வீட்டுப் பூனைகளையும் அவற்றின் மனிதர்களையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தவர். பூனை தானாகத் தொடங்கும் கொஞ்சல், மனிதர் தொடங்குவதைவிட நீண்ட நேரம் நீடிக்கிறது என்று அவர் கண்டார். பூனை கேட்கும்போது இணங்கிப்போகும் மனிதரிடம், அவர் கேட்கும்போது பூனையும் அதே அளவுக்கு இணங்கிப்போகிறது. கைமாற்றுக் கணக்கு இவ்வளவு நேராக இருக்கும் பிராணியைத்தான் நாம் நன்றி கெட்டது என்று சொல்லி வைத்திருக்கிறோம்! இன்னொன்றும் முயன்று பாருங்கள். பூனை தூரத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது, கண்களைப் பாதி மூடி, மெதுவாக மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட சோதனைகளில், இப்படி மெதுவாகக் கண் சிமிட்டியவர்களுக்குப் பூனைகள் அதே போல் திருப்பிச் சிமிட்டின. முன்பின் தெரியாத ஆள் அப்படிச் செய்தாலும் அவர் நீட்டிய கையை நோக்கி அதிகம் வந்தன. தொடுவதென்றால் கன்னம், காதுக்கு முன்புறம், தாடைக்கு அடியில். வாலின் அடிப்பகுதி பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. வயிற்றைக் காட்டிப் படுப்பதும் 'தடவு' என்ற அழைப்பு இல்லை.

முயல், கிளி போன்றவை வளர்ப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. அவை இயற்கையில் இரையாகும் உயிர்கள். தூக்குவது என்பது அவற்றின் உடம்புக்குத் தெரிந்த வரையில் பருந்தோ நரியோ பிடித்துவிட்ட கணம். அவற்றுக்கு நன்றி செலுத்துவதென்றால் கீழே விட்டுவிட்டு அருகில் உட்கார்ந்திருங்கள்.

இனி சந்தேகமான பகுதி. நாய்க்கு நம் மேல் நன்றியுணர்வு உண்டா? நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்கு அடியில் அது இருக்கிறது. வியன்னாவில் 37 நாய்களை வைத்து நடத்திய ஒரு சோதனை 2021-இல் வெளியானது. பக்கத்து அறையில் உள்ள மனிதர் பொத்தானை அழுத்தினால் நாய்க்கு உணவு வரும். ஒருவர் அழுத்திக் கொடுத்தார், இன்னொருவர் கொடுக்கவில்லை. பிறகு பொத்தானை நாயின் பக்கம் மாற்றினார்கள். உதவியவருக்கு நாய் அதிகம் அழுத்திக் கொடுத்ததா? இல்லை, இருவருக்கும் வித்தியாசமே காட்டவில்லை. இதை வைத்து நாய்க்கு நன்றி கிடையாது என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. பொத்தான், தட்டு, மனிதர் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பு நாய்க்கு விளங்காமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். மனிதன் உணவு கொடுப்பவன், உணவு வாங்குபவன் இல்லை என்பதும் நாயின் உலகத்தில் உறுதியான ஒரு விதி. 2017-இல் ராணுவ நாய்களை வைத்து நடந்த இன்னொரு சோதனையில், வேறு நாயிடம் உதவி பெற்ற நாய்கள் மற்ற நாய்களுக்கு அதிகம் உதவின. நாய்க்கு நம்மிடம் பற்று இருக்கிறது என்பதில் ஐயமில்லை. குழந்தை தாயைத் தேடும் முறையைச் சோதிக்கும் அதே அறைச் சோதனையை நாய்களுக்கு நடத்தி அதை உறுதிசெய்திருக்கிறார்கள். பற்று வேறு, செய்ததை எண்ணிப் பார்த்து நன்றி கொள்வது வேறு. முன்னதற்குச் சான்று உண்டு. பின்னது இருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவே.

அப்படி எடுத்துக்கொள்வதில் நாம் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறோம் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. செருப்பைக் கடித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்குமே, அந்தக் குற்ற உணர்ச்சி முகம். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் அதைச் சோதித்தார். நாய் தவறு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை. சொந்தக்காரர் திட்டினால் அந்த முகம் வந்தது, தவறே செய்யாத நாய்க்கும் வந்தது. நாயின் முகத்தில் நாம் வாசிப்பது பல நேரங்களில் நாம் எழுதி வைத்ததைத்தான்.

பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைப் பற்றிக் கட்டாயம் படித்திருப்பீர்கள். ஜப்பானில் நாகசாவா, கிகுசுயி குழுவினர் 2015-இல் வெளியிட்டது: நாயும் மனிதரும் ஒருவர் கண்ணை ஒருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் இருவரின் உடலிலும் அந்த ஹார்மோன் கூடியது, மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அப்படி நடக்கவில்லை. அழகான ஆய்வுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு நாயின் முகத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆய்வில் நாய்கள் தாங்களாகப் பார்த்தன. பிடித்து வைத்துப் பார்ப்பது நாய்க்கு மிரட்டல். மனதுக்குள் நன்றியாக உணர்ந்தாலே நாய் அதை மோப்பம் பிடித்துவிடும் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மனிதனின் மன அழுத்தம் வியர்வையிலும் மூச்சிலும் ஏற்படுத்தும் மாற்றத்தை நாய் முகர்ந்து பிரித்தறிகிறது என்பதற்கு 2022-இல் வெளியான சான்று உண்டு. சுவீடனில் 58 நாய்களின் முடியையும் சொந்தக்காரர்களின் முடியையும் ஒப்பிட்டு, நீண்டகால மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் இரண்டிலும் ஒத்துப்போவதாக 2019-இல் கண்டார்கள். அழுத்தம் வரைக்கும் சரி. அதை நன்றியுணர்வு வரைக்கும் இழுப்பது ஆராய்ச்சி ஆகாது, ஆசை.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், நீங்கள் செய்வதில் மிகவும் பயனுள்ளது அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் பதினொரு வயது நாயை ஒரு பெண்மணி கொண்டுவந்தார். ஆண்டுத் தடுப்பூசிக்காகத்தான். வேறு தொந்தரவு ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை டாக்டர், வயதான பிறகு ரொம்பச் சமத்தாகிவிட்டது" என்றார். அவரும் உங்களைப் போலத் தினமும் நாயைப் பற்றி இரண்டு வரி நன்றி எழுதுபவர் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. நோட்டு கைப்பையிலேயே இருந்தது. கூச்சத்தோடு கொடுத்தார். நான் பின்னாலிருந்து முன்னால் புரட்டினேன். எட்டு மாதத்துக்கு முன்: 'வண்டிச் சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து ஓடி இறங்கி வந்தது, நன்றி.' ஐந்து மாதத்துக்கு முன்: 'கடைசிப் படியில் நின்றுகொண்டு எனக்காகக் காத்திருந்தது.' மூன்று மாதத்துக்கு முன்: 'வாசல் பாயில் படுத்தபடியே வாலை ஆட்டி வரவேற்றது.' சென்ற மாதம்: 'இன்று நாள் முழுதும் அமைதியாக இருந்தது, நன்றி.' இடுப்பு மூட்டைப் பிடித்து மெல்லப் பின்னால் நீட்டினேன். நாய் கத்தவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பி என் கையைப் பார்த்தது. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன. அவருக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்குத்தான் இத்தனை நாள் நன்றி எழுதியிருக்கிறேனா என்று கேட்டார்.

அவர் எழுதியதால்தான் எங்களால் தேதி வைத்துப் பின்னோக்கிப் பார்க்க முடிந்தது என்று சொன்னேன். உண்மையும் அதுதான். 'சமத்தாகிவிட்டது' என்று மட்டும் சொல்லியிருந்தால் ஊசி போட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நன்றி என்று ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எல்லாம் நல்லதாகவே தெரியும். நாய் தொந்தரவு தராமல் இருப்பதற்கு நன்றி சொல்வதில் எனக்குப் பயம் உண்டு, ஏனென்றால் உடம்பு முடியாத நாய்தான் மிகக் குறைவாகத் தொந்தரவு தரும். பூனை இன்னும் மோசம், வலியை மறைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதனால் அறிதலை முன்னால் வையுங்கள், நன்றி பின்னால் வரட்டும். 'என் செல்லம் ரொம்ப அன்பானது' என்று எழுதினால் நோட்டில் எதுவும் ஏறவில்லை. என்ன செய்தது, எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். தினமும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மூல ஆய்வில் நான் மேலே சொன்ன மாணவர்கள் எழுதியது வாரம் ஒருமுறைதான். ஒரு மாதம் இப்படி எழுதினால், மழைச் சத்தம் கேட்டால் எந்த மூலைக்குப் போகிறது, விருந்தாளிகளில் யார் வந்தால் எழுந்து இடம் மாறுகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியவரும். பலர் பத்து ஆண்டு வளர்த்தும் கவனிக்காத சங்கதிகள் இவை.

இன்னொரு பயனும் உண்டு, அது பயிற்சி சம்பந்தப்பட்டது. நாய் குரைத்தால் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். அழைப்பு மணி அடித்தும் குரைக்காமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டால் யாரும் கவனிப்பதில்லை. நன்றியோடு கவனிக்கப் பழகியவர் அதைப் பார்ப்பார். பார்த்த அந்தக் கணத்திலேயே ஒரு கனிவான சொல்லும் ஒரு தடவலும் கொடுத்தால், நாய் அதைத் தன் செயலோடு சேர்த்துக்கொள்ளும். ஓரிரு விநாடிக்குள் வர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மதியம் அழகாக நடந்துகொண்டதற்கு இரவு பத்து மணிக்குச் சொல்லும் நன்றி, இரவு பத்து மணிக்கு அது செய்துகொண்டிருப்பதோடுதான் ஒட்டும்.

என் சொந்தக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்லும் நான், என் நாயை நடைக்கு அழைத்துப்போகும்போது அது ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று மோப்பம் பிடிப்பதைப் பார்த்து எரிச்சல்படுவேன். கயிற்றை இழுத்துக்கொண்டே நடப்பேன். ஒருமுறை எனக்கு முழங்கால் பிசகி, நடக்க முடியாமல் அதோடு நிற்க வேண்டியதாயிற்று. ஒரே கம்பத்தைக் கீழிருந்து மேலாக, பிறகு பக்கவாட்டில், பிறகு மறுபடி கீழே என்று ஒரு நிமிடத்துக்கு மேல் முகர்ந்தது. நாசித் துவாரங்கள் தனித்தனியாக அசைவதை ஒன்பது ஆண்டில் அன்றுதான் பார்த்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது, 'இன்னும் நிற்கிறாயா' என்பது போல. (நாயின் முகத்தில் நாம் எழுதியதை நாமே வாசிக்கிறோம் என்று மேலே சொன்னவன்தான், தெரிந்தும் செய்கிறேன்.) இரண்டு வாரம் மூக்கைப் பயன்படுத்தும் விளையாட்டு ஆடிய நாய்கள், காலடியில் ஒட்டி நடக்கப் பயின்ற நாய்களைவிட, நல்லதா கெட்டதா என்று தெரியாத ஒன்றை அதிக நம்பிக்கையோடு அணுகின என்று 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. நாய்க்கு ஏதாவது கொடுத்து நன்றி காட்ட வேண்டும் என்று தோன்றினால், இருபது நிமிட நடையில் வழியையும் வேகத்தையும் அதனிடம் விட்டுவிடுங்கள்.

தின்பண்டமாகக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் மேசையில் ஏறும் நாய்களில் எடை கூடியவை பெரும்பாலும் மிகவும் நேசிக்கப்படுபவை. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கண்காணித்த ஒரு நீண்ட ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொல்கிறேன். வேலை நாள் முழுவதும் நாய் வீட்டில் தனியாக இருக்கிறது என்று கேள்வியின் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இரவில் நீங்கள் சொல்வது நன்றியா, மன்னிப்பா? என்னிடம் வருகிறவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். மன்னிப்புக் கேட்பவருக்கு எதிராளி உடனே முகம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் தாங்காது. அந்த அவசரம் கையில் இறுக்கமாக வந்துவிடும், நாய்க்கு அது தெரியும். தனிமைதான் உங்களை உறுத்துகிறது என்றால் அதற்குச் செய்ய வேண்டியவை வேறு: காலையில் கிளம்புமுன் நிதானமான ஒரு நடை, மதியம் யாராவது வந்து பார்க்க ஏற்பாடு, உணவைத் தேடித் தின்னும்படி ஒளித்து வைப்பது. வளர்ந்த நாய்கள் பகலில் பெரும்பகுதி தூங்குகின்றன என்பதையும் ஆறுதலுக்காகச் சொல்லி வைக்கிறேன். கதவைப் பிராண்டுகிறது, எச்சில் ஒழுகுகிறது, நீங்கள் இல்லாதபோது ஓயாமல் ஊளையிடுகிறது என்றால் அது பிரிவுப் பதற்றமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கிருந்து என்னால் தீர்மானிக்க முடியாது. முகத்தைத் திருப்புவது கட்டிப்பிடிக்கத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே இருக்கிறதா, நடுவில் வந்ததா என்று உங்கள் நோட்டைப் பாருங்கள். முதலிலிருந்தே என்றால் மேலே சொன்னதுதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. முன்பு விரும்பி ஏற்றுக்கொண்டது இப்போது திடீரென்று மறுக்கிறது என்றாலோ, எப்போதும் ஒரே பக்கமாகவே திரும்புகிறது என்றாலோ, காதிலோ பல்லிலோ கழுத்திலோ வலி இருக்கலாம். வாயில் புதிதாக நாற்றம் இருக்கிறதா, ஒரு காதை மட்டும் அடிக்கடி சொறிகிறதா, சாப்பாட்டை ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா என்று இரண்டு நாள் கவனித்துவிட்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.